கரடிப்பாறை வளைவில் எரிந்த விளக்கு

போடி ஜீப்பு ஸ்டாண்டில் காசிமாயனைத் தெரியாதவர் கிடையாது. கறுத்த கட்டையான ஆள். ஒரு பக்கக் கன்னம் எப்போதும் வெற்றிலையால் உப்பியிருக்கும். லாரியில் கிளீனராக ஏறி, பிறகு மலைப்பாதையில் ஏலக்காய் லோடு அடித்து, நாற்பதை நெருங்கும் வயதில் சொந்தமாக ஒரு ஜீப்பு வாங்கினான். பழைய வண்டிதான். கம்பத்துத் தரகர் ஒருவர் மூலமாக வந்தது. நீலப் பெயிண்ட் புதிதாக மின்னியது. தார்ப்பாய்க் கூடும் புதுசு. "எஸ்டேட்டுல ஓடுன வண்டிப்பா. இஞ்சினு தங்கம்" என்றார் தரகர். இஞ்சின் உண்மையிலேயே நன்றாக இருந்தது. காசிமாயன் மேற்கொண்டு எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். பொழுது விடிந்ததும் ஸ்டாண்டில் வண்டியைப் போடுவான். ஏலத் தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிற பெண்கள் கையில் தூக்குவாளியும் மழைக்குப் போர்த்திக்கொள்ளப் பிளாஸ்டிக் சாக்குமாக வந்து ஏறுவார்கள். போடிமெட்டு ஏறி, கேரள எல்லை தாண்டித் தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே கூட்டிவந்துவிட வேண்டும். பின்னால் எவ்வளவு நெருக்கியடித்தாலும் முன் சீட்டில், அவனுக்கு இடப்பக்கம், ஒருத்திதான் உட்காருவாள். பெயர் செல்லத்தாய். அவனைவிடச் சில வயது இளையவள். பொட்டில்லாத நெற்றி. "பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வருதுண்ணே" என்று முதல் நாளே சொல்லி முன்னால் ஏறிக்கொண்டாள். வழியில் ஒரு பேச்சுப் பேசமாட்டாள். எதிரே இருந்த கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தால் மெட்டு வரும்வரை விடமாட்டாள்.

அவள் யார் என்று காசிமாயனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அவள் புருஷன் மொக்கச்சாமி எஸ்டேட் டிரைவராக இருந்தவன். சில வருஷங்களுக்கு முன் ஒரு ஆடி மாதம், பனிமூட்டம் போட்டிருந்த ஒரு காலையில், கரடிப்பாறை வளைவில் வண்டியோடு பள்ளத்தில் போனான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லத்தாய் தூக்கியெறியப்பட்டு ஒரு முள்மரத்துக் கிளையில் தொங்கிப் பிழைத்தாள். பிழைத்ததையே அவள்மேல் ஒரு குற்றமாகச் சொன்னவர்களும் ஊரில் இருந்தார்கள்.

வண்டி ஓடும்போது விளக்கு முதன்முதலாக எரிந்தது ஆனி மாதச் சாரலில்.

ஓட்டுகிறவனுக்கு எதிரே, மீட்டர் தகட்டின் நடுவில், துவரம்பருப்பளவு ஒரு சிவப்பு விளக்கு. சாவியைத் திருகினால் எரியும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். ஓடுகிற வண்டியில் அது எரிந்தால், இஞ்சினுக்குள் ஆயில் ஏறவில்லை என்று அர்த்தம். அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் ஓட்டினால் இஞ்சின் இறுகிவிடும். மலை ஏற்றத்தில் இறுகினால் என்ன ஆகும் என்பதை டிரைவர்கள் வாயால் சொல்வதில்லை.

கரடிப்பாறை வளைவில், சுற்றிலும் பஞ்சுபோல மூட்டம் அடைத்திருந்த காலையில், அது எரிந்தது. காசிமாயன் இஞ்சினை அணைத்துக் கைப்பிரேக்கை இழுத்தான். "எல்லாரும் எறங்குங்க, வெரசா. சக்கரத்துக்குக் கல்லைக் குடுங்க" என்றான். பெண்கள் குதித்து இறங்கினார்கள். செல்லத்தாய் மட்டும் இறங்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தான். ஆயில் நிறைய இருந்தது. எங்கும் ஒழுக்கு இல்லை. மறுபடி கிளப்பினான். விளக்கு அணைந்துவிட்டது. மெட்டு வரைக்கும், தோட்டம் வரைக்கும், எரியவே இல்லை.

இரண்டு நாள் கழித்து அதே வளைவில் எரிந்தது. அப்புறம் சாயங்காலம் இறங்கி வரும்போது எரிந்தது. சில நாள் எரியாது. "விட்டுச்சுடா சனி" என்று அவன் நினைக்கிற நேரத்தில் மறுநாள் எரியும். வேறு எந்த வளைவிலும் இல்லை. ஒவ்வொரு தடவையும் செல்லத்தாயைத் தவிர அத்தனை பேரும் மொக்கச்சாமி செத்த இடத்தில் இறங்கி நிற்க வேண்டியதாயிற்று. மூட்டத்துக்குள் பள்ளத்திலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லில் ஒருநாள் மஞ்சள் பூசியிருந்தது. யார் பூசினார்கள் என்று அவன் கேட்கவில்லை.

போடியில் பட்டறை வைத்திருந்த கன்னையனிடம் வண்டியை விட்டான். கன்னையன் அவனுக்கு மாமன் மகன் முறை. ஆயிலை மாற்றினான், வடிகட்டியைக் கழுவினான், இஞ்சினில் மீட்டரை மாட்டி ஓடவிட்டுப் பார்த்தான். "ஆயிலு பிரமாதமா ஏறுது மாப்ளே. சுவிட்சுதான் போயிருக்கணும்" என்று விளக்கை எரியவைக்கிற சுவிட்சையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். மறுநாளே கரடிப்பாறையில் எரிந்தது.

கணக்கை முதலில் கண்டுபிடித்தவள் சுருளியம்மாள். பின் சீட்டுப் பெண்களில் வாய் பெரியவள். வேலைக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப்போகிறவளும் அவள்தான். ஒருநாள் தோட்டத்தில் இறங்கும்போது காசிமாயனைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தச் செல்லத்தாயி வராத அன்னைக்கு லைட்டு எரிஞ்சிருக்கா? நல்லா ரோசிச்சுச் சொல்லு."

யோசித்தான். காய்ச்சல் என்று அவள் வராத நாட்களில் எரியவில்லை.

"அது வயரு சமாச்சாரம். அவளுக்கும் அதுக்கும் என்ன?" என்றான்.

"பாத்துருவோம்" என்றாள் சுருளியம்மாள்.

அவளே ஏற்பாடு செய்தாள். ஒருநாள் செல்லத்தாயைப் பின்னால் ஏற்றி, அதே முன் சீட்டில் சுருளியம்மாள் உட்கார்ந்து வந்தாள். எரியவில்லை. இன்னொரு நாளும் அப்படியே வந்தார்கள். எரியவில்லை. அடுத்த நாள் செல்லத்தாயை மறுபடி முன்னால் உட்கார வைத்தார்கள். கரடிப்பாறை திரும்பியதும், வெள்ளை மூட்டத்துக்கு நடுவே, ரத்தச் சொட்டுப்போல அது எரிந்தது. வண்டிக்குள் ஒரு பெண் முனகினாள்.

"அவென் பொண்டாட்டியக் கூப்புடுறான். இறங்கி வான்னு வண்டிய நிப்பாட்டுறான்" என்று சுருளியம்மாள் மெல்லச் சொன்னாள். செல்லத்தாய் திரும்பிப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

காசிமாயன் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டி பொன்னுமணி, "கோடாங்கியக் கூப்புட்டு உடுக்கடிச்சு, வண்டிக்குக் கழிப்பு கழிச்சிருவோம்" என்றாள். அவன் அதற்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு யோசனை வந்தது. சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகிற வயரையே கழற்றிவிட்டால்? கண்ணைப் பிடுங்கிவிட்டால் பார்ப்பது எப்படி? விடிந்ததும் பானட்டைத் தூக்கி, சுவிட்சில் மாட்டியிருந்த வயரை உருவி, நுனியில் டேப் சுற்றித் தொங்கவிட்டான். சாவியைத் திருகினான். விளக்கு எரியவில்லை. செத்துக் கிடந்தது. இஞ்சினைக் கிளப்பி, அணைத்து, இன்னொரு தடவை பார்த்தான். எரியவில்லை. நிம்மதியாக வெற்றிலை போட்டுக்கொண்டான்.

அன்று அடைமழை. செல்லத்தாய் வழக்கம்போல முன் சீட்டில் இருந்தாள். கண்ணாடியைத் துடைக்கிற கட்டை இப்படியும் அப்படியும் முனகிக்கொண்டே போனது. கரடிப்பாறைக்கு முந்தின வளைவு தாண்டியதும் மூட்டம் வண்டிக்குள்ளேயே வந்து புகுந்தது. பெண்கள் சாக்கை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டார்கள். காசிமாயன் விளக்கைப் பார்க்கக் கூடாது என்று ரோட்டையே பார்த்து ஓட்டினான். கியரை மாற்றக் கையை இறக்கியபோது, கைமேல் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழுந்ததைப் பார்த்தான்.

கழற்றிப் போட்ட வயர். எரிகிற விளக்கு.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை, காலும் கையும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. வண்டி தானாகவே ஏறுவதுபோல ஏறியது. வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் விளக்கு அணைந்தது. மெட்டில் நிறுத்தி, இறங்கிப் போய் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். நடந்ததைப் பின்னால் இருந்தவர்களும் பார்த்திருந்தார்கள். வயர் கழற்றியது அவர்களுக்குத் தெரியாது. அவன் மூஞ்சியைப் பார்த்ததே அவர்களுக்குப் போதும்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் சுருளியம்மாள் எல்லார் முன்னாலும் சொன்னாள்: "அவ ஏறுனா நாங்க ஏறல."

செல்லத்தாய் ஏற வைத்த காலைக் கீழே எடுத்தாள். அடுத்த ஜீப்புக்காரனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சேதி எல்லா வண்டிக்கும் போயிருந்தது. அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்து முந்தலுக்குப் போய் அங்கிருந்து மலையேறுகிற பழைய ஒற்றையடிப் பாதையில் நடக்கப் போனாள். காசிமாயன் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவனுக்கும் அப்போது அவள் ஏறாதது நிம்மதியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை. ஆனால் வேறு ஒன்று நடந்தது. அந்த ஒற்றையடிப் பாதை மலையில் சில இடங்களில் ரோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். சாரலில், சாக்கைப் போர்த்தி, முகம் தெரியாமல், ஓர் உருவம் மூட்டத்திலிருந்து வந்து ரோட்டைத் தாண்டி மறுபடி மூட்டத்துக்குள் போகும். வண்டியில் இருந்தவர்கள் அதைப் பேய் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இத்தனைக்கும் எல்லாருக்கும் அவள் யார் என்று தெரியும். அவளோடு ஒரே நிரையில் காயெடுத்தவர்கள்தாம். காசிமாயனுக்குச் சோறு இறங்கவில்லை.

கன்னையனிடம் போய் வயர் கழற்றிய கதையைச் சொன்னான். கன்னையன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான்.

"பேயும் இல்ல பிசாசும் இல்ல மாப்ளே. அந்த வயரு வழியில எங்கயாச்சும் பாடித் தகரத்துல பட்டா எர்த்து ஆயிரும். சுவிட்சே இல்லாட்டியும் லைட்டு எரியும். எங்கயோ தோலு உரிஞ்சிருக்கு."

இரண்டு பேருமாக வயரைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். இஞ்சின் பக்கம் ஒரு கீறல் இல்லை. உள்ளே மீட்டர் தகட்டுக்குப் பின்னாலும் இல்லை. நடுவில் கொஞ்ச தூரம் இடப்பக்கத் தரைக்குள் எங்கோ போய் வந்தது. வண்டியை ஆட்டிப் பார்த்தார்கள், முன் சீட்டில் அரிசி மூட்டையை வைத்து மலை ஏற்றிப் பார்த்தார்கள். எரியவில்லை.

"அப்ப அவ வந்தா மட்டும் ஏன் எரியிது?" என்றான் காசிமாயன்.

"அத அவ ஏறி வரும்போதுதான் பாக்கணும்" என்றான் கன்னையன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தோட்டக் கடைக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு காசிமாயன் தனியாகப் போனான். பெண்களுக்கு அன்று வேலை இல்லை. செல்லத்தாய் மட்டும் மேலே தோட்டக் குடியிருப்பு லைனில் இருந்த தங்கையைப் பார்க்க நடந்து போய்க்கொண்டிருந்தாள். பாதை ரோட்டைத் தொடுகிற இடத்தில் வண்டியை நிறுத்தினான்.

"ஏறு தாயி."

"வேணாம்ண்ணே. ஒங்க பொழப்பும் போயிரும்."

"ஏறுன்னு சொல்றேன்ல."

ஏறினாள். அதே சீட்டு. அதே கம்பி. மழை இல்லை, ஆனால் மூட்டம் ரோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. கரடிப்பாறை நெருங்கியதும் அவன் வண்டியை நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவந்தான். இந்தத் தடவை விளக்கைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

கண் இமைக்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு நின்றிருந்தது. அவன் பார்வை கீழே போனது. செருப்பில்லாத அவள் வலது கால் எழும்பி, எதிரே சாய்ந்திருந்த தரைத் தகரத்தில், ரப்பர் விரிப்பின்மேல், மெல்லப் பதிந்தது. பிறகு மிதித்தது. விரல்கள் மடங்கி, குதிகால் எழும்பி, தொடை நடுங்க, தன் பலத்தையெல்லாம் கூட்டி அவள் அந்தத் தகரத்தை மிதித்தாள்.

விளக்கு எரிந்தது.

"காலை எடு தாயி" என்றான். அவளுக்குக் கேட்கவில்லை. "செல்லத்தாயி! காலை எடு!"

திடுக்கிட்டு எடுத்தாள். அணைந்தது.

"இப்ப மிதி."

மிதித்தாள். எரிந்தது. எடுத்தாள். அணைந்தது. அவள் விளக்கையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"நானாண்ணே எரிய வச்சேன்?"

"எதுக்கு அங்க மிதிக்கிற?"

"மிதிக்கிறேனா?" என்றாள். பிறகு, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்: "அன்னைக்கு அவரு பிரேக்க மிதிச்சாரு. நிக்கல. மிதி மிதின்னு கத்திக்கிட்டு நானும் மிதிச்சேன். எங்கிட்டப் பிரேக்கு ஏது? வெறுந்தகரம்."

காசிமாயன் வண்டியை ஏற்றினான். சிரிக்க வேண்டும்போல இருந்தது. அழவும் வேண்டும்போல இருந்தது. பேய் இல்லை என்று தெரிந்ததில் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

திங்கள் பிற்பகல் கன்னையன் பட்டறையில் ரப்பர் விரிப்பைக் கிழித்தெடுத்தார்கள். அடியில் ஒரு முழ நீளத்துக்குத் தகடு ஒட்டுப்போட்டிருந்தது. வெல்டு வைத்தவன் வயரைத் தகட்டுக்கு அடியிலேயே மாட்டவிட்டு மூடியிருந்தான். நடுவில் தோல் தேய்ந்து, செப்புக் கம்பி நகக்கண் அளவு பளபளத்தது. கால் வைத்தால் படாது. அழுத்தி மிதித்தால் மட்டும் படும்.

"பாத்தியா?" என்றான் கன்னையன் சந்தோஷமாக. அப்புறம் அவன் முகம் மாறியது. தகட்டின் ஓரத்தில் நீலப் பெயிண்ட் பொரிந்திருந்த இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினான். அடியில் பச்சை. இன்னும் கொஞ்சம் தள்ளிச் சுரண்டினான். அங்கேயும் பச்சை. இடப்பக்கம் முழுக்கத் தட்டி நிமிர்த்திய தழும்பு கையில் தட்டுப்பட்டது.

"மாப்ளே" என்றான். "மொக்கச்சாமி ஓட்டுன வண்டி பச்சை."

பட்டறையில் நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே பஸ்சுகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. காசிமாயனின் கைமயிர் நட்டுக்கொண்டு நின்றது. இத்தனை மாதமாக அவன் உட்கார்ந்து ஓட்டுகிற சீட்டு யாருடையது என்று இப்போதுதான் தெரிந்தது.

கன்னையன் வயரை வேறு வழியாக இழுத்து, குழாய்க்குள் விட்டு, கட்டிக் கொடுத்தான். காசிமாயன் வீட்டுக்குப் போகாமல் நேராகச் செல்லத்தாய் வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வயரைக் கண்டுபிடிச்சாச்சு தாயி. ஒம்மேல ஒண்ணுமில்ல. ஆனா இந்த வண்டி..." என்று நிறுத்தினான்.

"தெரியும்ண்ணே" என்றாள் அவள், கீரையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"என்ன தெரியும்?"

"மொத நாள் ஏறிக் கம்பியப் பிடிச்சப்பவே தெரியும். உள்பக்கம் ஒரு நெளிவு இருக்கும். அவரோட போறப்பவெல்லாம் அதுலதான் என் விரலு இருக்கும். பெயிண்ட்டு மாத்துனவுக கம்பிய மாத்தல."

"தெரிஞ்சா ஏறுன? தெனமும்?"

"எந்த வண்டில போனாலும் அந்த வளைவு வரத்தானேண்ணே செய்யுது? இதுல போனா, அவரு கூடப் போற மாதிரி."

காசிமாயன் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் ஸ்டாண்டில் பெண்கள் எல்லாரையும் கூப்பிட்டு, முன் சீட்டின் தரையைக் காட்டினான். தேய்ந்த வயர்த் துண்டைக் கையில் கொடுத்தான். காலால் அழுத்தி மிதித்தால் எரியும் என்று விளக்கினான். யாருடைய கால், ஏன் மிதித்தது என்பதையும் சொன்னான். வண்டி யாருடையது என்பதை மட்டும் சொல்லவில்லை. பெண்கள் அந்தத் துண்டை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் பார்த்தார்கள். சுருளியம்மாள் கடைசியாக வாங்கி, வெகுநேரம் பார்த்தாள்.

"சரித்தேன்" என்றாள். "ஆனா அம்புட்டு எடம் கெடக்க, வயரு அங்கதான் தேயணுமா?"

ஆனாலும் சுருளியம்மாளே நகர்ந்து, "ஏறுடி செல்லத்தாயி" என்றாள்.

அன்று மூட்டம் இல்லை. அபூர்வமாக மலை முழுக்க வெயில் விழுந்திருந்தது. கரடிப்பாறை வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டுண்ணே" என்றாள் செல்லத்தாய். இத்தனை தடவை அத்தனை பேரும் இறங்கி நின்ற இடத்தில் அவள் முதல்முறையாக இறங்கினாள். ஓரத்துக்குப் போனாள். காசிமாயன் பயந்து, அவள் பின்னாலேயே போய்க் கையெட்டும் தூரத்தில் நின்றான்.

பள்ளம் அவன் நினைத்திருந்த ஆழம் இல்லை. கீழே ஒரு முள்மரம். அதற்கும் கீழே, ஓடைக் கல்லுக்கு நடுவே, பச்சைப் பெயிண்ட் உரிந்த ஒரு பானட் மூடி குப்புறக் கிடந்தது. அதன்மேல் பாசி ஏறி, ஓட்டை வழியாக ஒரு செடி முளைத்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அப்புறம் திரும்பி வந்து, முன் சீட்டைத் தாண்டிப் போய், பின்னால் பெண்களுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு வாந்தி வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. எண்பதுகளின் நடுவில் மேலே லைனிலேயே வீடு கிடைத்துத் தங்கை பக்கத்தில் போய்விடும்வரை, பின்னால் உட்கார்ந்து மற்றவர்களோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தாள். சுருளியம்மாளோடு சண்டைகூடப் போட்டாள். முன் சீட்டில் மட்டும் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. எவ்வளவு நெரிசலிலும் உட்காரவில்லை. காசிமாயன் அதில் கடைச் சாமான் மூட்டைகளை அடுக்கிக்கொண்டான்.

கரடிப்பாறை வரும்போது கியரை மாற்றுவான். கண் தானாக விளக்குக்குப் போகும். அது இருண்டே இருக்கும். எரியாமல் இருப்பதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு என்னவோபோல் இருக்கும். வளைவு முடிகிறவரை பிரேக்கின்மேல் கால் வைத்தபடியே ஏறுவான்.